குடித்தவுடன் முகம் சிவப்பவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்து அதிகமா?

உணவுக்குழாய்ப் புற்றைப் பொறுத்தவரை, ஆம். உடல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. அது டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் நஞ்சு. அதை முறித்துப்போடும் நொதி ஏஎல்டிஎச்2. ஜப்பானியர், சீனர், கொரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த நொதி பிறவியிலேயே மந்தம். நஞ்சு தேங்கும், முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும்.

வேடிக்கை என்னவென்றால், தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தவர்களால் பெரும்பாலும் குடிக்கவே முடியாது, அதனாலேயே தப்பிக்கிறார்கள். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்கள்தான் மெல்லப் பழகிக் குடித்து மாட்டிக்கொள்கிறார்கள். மதுவோடு வரும் அசிட்டால்டிஹைடை 2009இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் என்று உறுதியானவற்றின் பட்டியலில், சேர்த்தது.

சிவப்பை மறைக்க, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு குடிப்பவர்களும் உண்டு. சிவப்புதான் மறையும், நஞ்சு குறையாது.