90 நாள் கழித்துப் பணம்: கையெழுத்து வாங்கிவிட்டால் செல்லுமா?

கேள்வி: பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எங்களுக்கு ஷாஃப்ட் கடைந்து தருபவர் மூன்று லேத் மட்டுமே வைத்திருக்கும் சிறிய பட்டறைக்காரர். சிறு தொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவைப் பெற்றிருக்கிறார். 4 லட்சம் ரூபாய்ச் சரக்கு ஜூன் 3 அன்று வந்திறங்கியது. ஸ்டோர்ஸில் ஜி.ஆர்.என். (சரக்கு பெற்றதற்கான பதிவுச் சீட்டு) போட்டது ஜூன் 24. பர்ச்சேஸ் ஆர்டரில் '90 நாள்' என்று அச்சிட்டு, அவரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறோம். அதன்படி செப்டம்பர் 22 அன்றுதான் பணம் என்கிறது கணக்குப் பிரிவு. அவரோ வாரம் இரண்டு முறை வந்து ரிசப்ஷனில் காத்திருக்கிறார். ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டவர் அவர்தானே, எங்கள் மீது என்ன தவறு?

பதில்: தவறு உங்கள் நிறுவனத்தின் மீதுதான். அவர் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த 90 நாள் செல்லாது.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006-ல் வந்தது. அதன் 15-வது பிரிவு சொல்வது இதுதான்: எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள் பணம் தர வேண்டும், ஆனால் அந்த நாள் 45-ஐத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். 90 என்று அச்சிட்டாலும் 120 என்று அச்சிட்டாலும் சட்டத்தின் கணக்கில் அது 45 நாள்தான்.

அந்த 45 நாளை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பெரும்பாலான தொழிற்சாலைகள் தவறு செய்கின்றன. உங்கள் கணக்குப் பிரிவு ஜி.ஆர்.என். தேதியிலிருந்து எண்ணுகிறது. ஸ்டோர்ஸில் ஆள் இல்லை, சிஸ்டம் வேலை செய்யவில்லை, ஆய்வு முடியவில்லை என்று அந்தத் தேதியை எத்தனை வாரம் வேண்டுமானாலும் தள்ளிப்போடலாம். சட்டம் அதைப் பார்ப்பதில்லை. சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்து மூலம் குறை சொல்லாவிட்டால், சரக்கு வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். போனில் சொன்னதும், கடைசல் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதும் கணக்கில் வராது. டெலிவரி சலானின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வாயிற்காவலர் குத்திய முத்திரை, வண்டி எண், நேரம் எல்லாம் இருக்கும். அந்த முத்திரையில் இருக்கும் ஜூன் 3-தான் உங்கள் தொடக்க நாள். அதிலிருந்து 45 நாள் என்றால் ஜூலை 18.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிறது. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் கூட்டுவட்டி. வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம். 4 லட்சத்தை இரண்டு மாதம் தாமதித்தால் 12 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. அந்த வட்டியைச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்கவும் முடியாது. போதாததற்கு, 2023 நிதிச் சட்டம் இன்னொரு விதியையும் கொண்டுவந்தது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்துக்குள் தராமல் நிதியாண்டு முடிவில் நிலுவையில் இருக்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் கழிக்கலாம். உங்கள் நிதி மேலாளரிடம் நியாயத்தைப் பேசிப் பயனில்லை என்றால் இந்தக் கணக்கைப் பேசுங்கள்.

ஒரு விலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கும் 2021 முதல் உத்யம் பதிவு கிடைக்கிறது. ஆனால் அது வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டுமே. தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. இதைத் தெரிந்துகொண்ட சில நிறுவனங்கள், பெயர்ப்பலகையில் 'ட்ரேடர்ஸ்' என்று இருப்பதை மட்டும் வைத்து உற்பத்தியாளரையும் வியாபாரி என்று ஒதுக்குகின்றன. அப்பா காலத்தில் வைத்த பெயராக இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் லேத் ஓடிக்கொண்டிருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள். உத்யம் சான்றிதழில் முக்கியச் செயல்பாடு உற்பத்தியா, சேவையா, வர்த்தகமா என்று குறித்திருக்கும், அதைப் பாருங்கள். இரும்புக்கம்பியைத் தானே வாங்கி, கடைந்து, ஷாஃப்டாக விற்பவர் உற்பத்தியாளர். உங்கள் கம்பியை வாங்கிக் கடைந்து மட்டும் தருபவர் சேவை தருபவர். இருவருக்கும் பாதுகாப்பு உண்டு. உங்கள் பட்டறைக்காரர் இந்த இரண்டில் ஒருவர்தான்.

அவர் ரிசப்ஷனில் காத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை தருகிறது. பணம் தாமதமாகும் இடத்தைத் தேடித்தான் இடைத்தரகர் வருகிறார். "பில்லை நான் பாஸ் செய்து தருகிறேன், இரண்டு சதவீதம் கொடுங்கள்" என்பவர் ஒருவர். வெற்றுக் காசோலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொள்ளை வட்டிக்கு பில்லின் மேல் பணம் தருபவர் இன்னொருவர். இலவசமாகக் கிடைக்கும் உத்யம் பதிவுக்கே ஆயிரக்கணக்கில் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். நான் தணிக்கைக்குப் போன ஒரு தொழிற்சாலையில் மூன்று கொட்டேஷன்களை மேசையில் பரப்பி வைத்தார்கள். மூன்று லெட்டர்ஹெட், மூன்று முகவரி. ஆனால் மூன்றிலும் 'கேஸ்கெட்' என்ற சொல் ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது. எழுதியவர் ஒரே தரகர். நேர்மையான பட்டறைகள் பணம் வராமல் சலித்து விலகிப்போன இடத்தில் அவர் புகுந்திருந்தார்.

பணத்தட்டுப்பாடு உண்மை என்றால் அதற்கு முறையான வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற ட்ரெட்ஸ் என்னும் இணையவழி பில் தளங்களில் உங்கள் நிறுவனம் பில்லை ஏற்றுக்கொண்டால், வங்கி உடனே பட்டறைக்காரருக்குப் பணம் தந்துவிடும். வங்கிக்கு நீங்கள் பிறகு கட்டலாம். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இதில் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவு செய்துவிட்டு ஒரு பில்லைக்கூட ஏற்றாமல் இருப்பவர்களை யாரும் கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

அவர் புகார் செய்ய மாட்டார் என்று உங்கள் மேலாளர் சொல்லக்கூடும். செய்யமாட்டார்தான். இத்தகைய தாமதப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றம் 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் கிடக்கின்றன. மூன்று லேத் வைத்திருப்பவர் தனக்கு ஆர்டர் தருபவர் மீதே வழக்குப் போட்டுவிட்டு எங்கே போவார்? பலவீனமானவரே வந்து கதவைத் தட்டட்டும் என்று சட்டத்தை எழுதி வைத்ததில் எனக்குத் தீராத கோபம் உண்டு.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: கேட் முத்திரையுள்ள சலானின் நகலை இணைத்து, 'கடைசி நாள் ஜூலை 18' என்று கணக்குப் பிரிவுக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு. அடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில் 90-ஐ அடித்துவிட்டு 45 என்று போடச் சொல்லுங்கள். இந்த விதியிலிருந்து தப்பிக்க, உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா என்று யாராவது பட்டறைக்காரருக்குக் கடிதம் எழுதினால், அதில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்த முறை அவர் வரும்போது ரிசப்ஷனில் உட்காரவைக்காமல் உள்ளே அழைத்துத் தேதியைச் சொல்லி அனுப்புங்கள்.