கேடருக்குப் பெயர் கொடுக்காமல் நழுவும் சிப்பாய்களை என்ன செய்வது?

கேள்வி இதுதான்: "தரைப்படையில் புதிதாக ஹவில்தார் ஆகியிருக்கிறேன். என் செக்‌ஷனில் நாலு சிப்பாய்கள் நல்ல வேலைக்காரர்கள். ஆனால் நாயக் கேடருக்கு, அதாவது சிப்பாய்க்கு மேலான நாயக் பதவிக்குத் தயார் செய்யும் பயிற்சித் தேர்வுக்கு, பெயர் கொடுக்கச் சொன்னால் ஏதாவது சாக்கு சொல்லி நழுவுகிறார்கள். அவர்களை எப்படித் தயார் செய்வது?"

தம்பி, நான் சுபேதாராக ஓய்வு பெற்றவன். என் ப்ளாட்டூனில் ஒரு தடவை இரண்டு பையன்கள் கேடருக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்குக் காரணம் நான்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று ஃபயரிங் முடிந்து கோத்தில் (ஆயுத அறையில்) ஆயுதம் ஜமா செய்யும்போது கணக்கில் ஒரு மேகசின் (துப்பாக்கியின் தோட்டாக் கூடு) குறைந்தது. எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. மொத்த ப்ளாட்டூனையும் நிற்க வைத்து, அவர்கள் முன்னாலேயே நாயக்குக்கு மண்டகப்படி நடத்தினேன். கால் மணி நேரம் இருக்கும். கடைசியில் மேகசின் எங்கே இருந்தது? ஒரு சிப்பாயின் பௌச்சுக்குள்ளேயே. அவனை 'போடா' என்று ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டேன். சாயங்காலம் ரோல் காலுக்கு அப்புறம் அந்த இரண்டு பேரும் வந்து, "சாப், நாங்க இப்படியே இருந்துடறோம்" என்றார்கள். அப்போது எனக்கு உறைக்கவில்லை, சோம்பேறிகள் என்று நினைத்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் அவர்கள் போட்ட கணக்கு புரிந்தது. தப்புப் பண்ணினவனுக்கு ஒன்றும் இல்லை, கையில் இரண்டு ஃபீத்தி (பதவிப் பட்டை) போட்ட நாயக்குக்கு அத்தனை பேர் முன்னால் அவமானம். பிறகு எவன் ஃபீத்திக்கு ஆசைப்படுவான்?

சிப்பாய்க்கு 'பதவி உயர்வு' என்றால் நம் தர்பார் கூட்டப் பேச்செல்லாம் நினைவுக்கு வராது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கும் நாயக்கின் முகம்தான் வரும். அவர் தூங்குகிறாரா, லீவு கிடைக்கிறதா, யார் யாரிடம் திட்டு வாங்குகிறார், இதையெல்லாம் பார்த்துதான் முடிவு செய்கிறான். அதனால் பையன்களிடம் பேசுவதற்கு முன்னால் உங்கள் நாயக்கை நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள் என்று பாருங்கள். திட்ட வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள். அவர் சொன்ன டியூட்டி லிஸ்ட்டை எல்லார் முன்னாலும் மாற்றாதீர்கள்.

அடுத்தது பணம். இன்றைய பையன்கள் விவரமானவர்கள். "எம்ஏசிபி இருக்கே, சம்பளம் தானா ஏறப்போகுது, எதுக்குத் தலைவலி?" என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. எம்ஏசிபி திட்டத்தில் 8, 16, 24 வருஷங்களில் பதவி உயராமலே அடுத்த சம்பளப் படி கிடைக்கிறது. ஏழாவது ஊதியக் குழுக் கணக்கில் சிப்பாயின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், நாயக்குக்கு 25,500, ஹவில்தாருக்கு 29,200. இராணுவச் சேவைச் சம்பளம் 5,200 எல்லாருக்கும் ஒன்றுதான். ஆக, 16 வருஷம் முடித்த சிப்பாய் ஹவில்தார் படிக்கே வந்துவிடுகிறான். சம்பளத்தைக் காட்டி அவனை இழுக்க முடியாது.

ஆனால் எம்ஏசிபி சம்பளத்தைத்தான் ஏற்றும், சர்வீஸை நீட்டாது. சிப்பாயாகவே இருந்தால் 17 வருஷம், ஸ்கிரீனிங்கில் தேறினால் மேலும் 2. நாயக்குக்கு 22, தேறினால் 24. ஹவில்தாருக்கு 24, தேறினால் 26. இதைச் சும்மா சொல்லாதீர்கள், ஒரு காகிதத்தில் அவனையே எழுதச் சொல்லுங்கள். 19 வயதில் சேர்ந்தாய், 36லிருந்து 38க்குள் பெட்டி கட்டுகிறாய். அப்போது உன் மகள் எத்தனாவது படிப்பாள்? நான் ஒருவனிடம் இதைக் கேட்டபோது விரல் விட்டு எண்ணினான். "ஏழாவது சாப்" என்றான். அப்புறம் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். நான் வேறு எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. (அக்னிவீரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நாலு வருஷம் முடிந்து, அதிகபட்சம் 25 சதவீதத்துக்குள் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப்பட்ட பிறகுதான் அவர்களிடம் இந்தப் பேச்சு.)

சரி, காகிதக் கணக்கு புரிந்த பிறகும் சிலர் தயங்குவார்கள். அது பெரும்பாலும் பயம், வெளியே சொல்ல மாட்டார்கள். நம் பையன்களுக்கு இரண்டு பயம்: ஒன்று மேப் ரீடிங், இன்னொன்று ஹிந்தியில் கிளாஸ் எடுப்பது. லங்கரிலும் (சாப்பாட்டுக் கூடம்) பாராக்கிலும் ஹிந்தியில் வெளுத்துக்கட்டுகிறவன், முப்பது பேர் முன்னால் நின்று பாடம் எடு என்றால் தொண்டை அடைத்துப்போவான்.

மேப் ரீடிங் பற்றி ஒரு அனுபவம். ஒருவனுக்கு பேக் பேரிங் (எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பிப் பார்க்கும் திசைக்கோணம்) என்றாலே வியர்க்கும். 180 கூட்டணுமா கழிக்கணுமா என்று புத்தகத்தை வைத்து எத்தனை தடவை சொன்னாலும் ஏறவில்லை. ஒரு சாயங்காலம் பிரிஸ்மாட்டிக் காம்பஸை அவன் கையில் கொடுத்து, தூரத்திலிருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொன்னேன். 70 டிகிரி என்றான். "இப்போ தொட்டிக்கிட்ட போய் அங்கேருந்து என்னைப் பார்" என்றேன். ஓடினான். திரும்பி வந்து, "சாப், 251 வருது" என்றான். கை நடுக்கத்தில் ஒரு டிகிரி போயிருக்கிறது. "70க்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்?" வாய்க்குள்ளேயே கழித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவ்வளவுதான், பேக் பேரிங். 180க்கு மேல் வந்தால் கழிக்க வேண்டும் என்பதைத் தொட்டிப் பக்கத்திலிருந்து தொடங்கி அவனே கண்டுபிடித்தான்.

ஹிந்திக்கு ஒரே மருந்து பழக்கம். தினமும் பத்து நிமிஷம் ரைஃபிள் கோல்னா-ஜோட்னா (கழற்றி மாட்டும்) பாடத்தை செக்‌ஷனுக்கு எடுக்க விடுங்கள். பத்துப் பேர்தான், எல்லாம் தெரிந்த முகங்கள். தப்பாகப் பேசினால் நடுவில் திருத்தாதீர்கள். காஷன் (டிரில் கட்டளை) கொடுக்கவும் அப்படித்தான்: இரண்டு பேரை மைதானத்தின் இரண்டு ஓரத்தில் நிறுத்தி, ஒருவருக்கு ஒருவர் 'சாவ்தான்', 'விஷ்ராம்' கொடுக்க விடுங்கள். முதல் நாள் வெட்கப்படுவார்கள், நாலாவது நாள் குரல் தானாகத் திறக்கும்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது, ஃபீத்தி வருவதற்கு முன்னாலேயே வேலையைக் கொடுப்பது. கார்டு (காவல்) கமாண்டர் வேலையில் துணைக்கு வையுங்கள், ரேஷன் கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், ரோட் மார்ச்சில் வழி காட்டச் சொல்லுங்கள். கூடப் படுத்து எழுந்த நண்பனிடம் 'இதைச் செய்' என்று சொல்வதுதான் நாயக்குக்கு இருக்கிற பெரிய சங்கடம். அதை ஒரு நாள் சின்ன அளவில் அனுபவித்துவிட்டால், ஃபீத்தி வரும்போது திணற மாட்டான்.

எல்லாரையும் தள்ளவும் கூடாது. சிலர் உண்மையிலேயே சிப்பாயாக நிம்மதியாக இருக்கிறார்கள், ஊரில் நிலமோ தொழிலோ காத்திருக்கிறது. அவர்களைக் கேவலமாகப் பேசாதீர்கள். ஆனால் மறுப்பை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால், அது பின்னால் எதையெல்லாம் பாதிக்கும் என்று கம்பெனி கிளார்க்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள். துடிப்பான பையன் என்றால் நாயக்கோடு நிறுத்தாதீர்கள். பன்னிரண்டாவது தேறி, இரண்டு வருஷ சர்வீஸும் முடித்து, 20லிருந்து 27 வயதுக்குள் இருந்தால் டேராடூன் ஆர்மி கேடட் காலேஜ் வழியாக அவன் ஆபீசரே ஆகலாம். இது நிறையப் பேருக்குக் காதில் விழுவதே இல்லை. விழும்போது வயசு தாண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. உங்கள் நாலு பேரிடமும் பேச உட்காரும் முன் அவர்களுடைய லீவு பிளானை வாங்கிப் பாருங்கள். தங்கச்சி கல்யாணம் இருக்கிற மாதத்தில் கேடர் வைத்தால் எவனும் பெயர் கொடுக்க மாட்டான். காரணம் கேட்டால், "மேப் ரீடிங் வராது சாப்" என்பான்.