பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியை ஏற்றுங்கள்

கேள்வி: டெல்லிக்கு மாற்றலாகிப் போகிறேன். எலெக்ட்ரிக் சைக்கிளை விமானத்தில் லக்கேஜாகப் போட்டுவிட்டு, பேட்டரியை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டால் விடுவார்களா?
- வாசகர், கோவை

விடமாட்டார்கள். பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரி 100 வாட்-மணி (பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கி வைக்கும் என்பதன் அளவு) வரை சிக்கலில்லை, 160 வரை விமான நிறுவனத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு மேல் கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது. உங்கள் பேட்டரி ஸ்டிக்கரில் 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், 360 வாட்-மணி வருகிறது, வரம்பைத் தாண்டிவிட்டது. வீட்டுச் சாமானோடு லாரியில் அனுப்புங்கள், ஆனால் உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி அனுப்புங்கள். துணிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தால் மூட்டை தூக்குகிறவருக்குத்தான் ஆபத்து. பாதி சார்ஜில் கழற்றி, முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனி அட்டைப்பெட்டியில் வையுங்கள். காருக்குப் பின்னால் ரேக்கில் மாட்டிக்கொண்டு போகிறவர்களும் பேட்டரியை முதலில் கழற்றிவிடுங்கள், வண்டி எடையும் குறையும். காரின் நம்பர் பிளேட்டும் பின் விளக்கும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகனுக்கு எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கினோம். கடைக்காரர் வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?
- வாசகி, திருச்சி

வேண்டாம். மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருப்பதால்தான் லைசென்ஸும் பதிவும் கேட்பதில்லை. வேகத்தைக் கூட்டிய நிமிடமே அது சட்டப்படி மோட்டார் வாகனம். 18 வயதாகாத பிள்ளை அதை ஓட்டிச் சிக்கினால், 2019 மோட்டார் வாகனச் சட்டத்திருத்தப்படி பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு. பிரேக்கும் அந்த வேகத்துக்கென்று செய்ததல்ல.

கேள்வி: அபார்ட்மென்டில் மாடிப்படிக்கு அடியில் எலெக்ட்ரிக் சைக்கிளை ராத்திரி முழுக்க சார்ஜ் போடுகிறேன். பக்கத்து வீட்டார் ஆட்சேபிக்கிறார்கள். சரியா?
- வாசகர், சென்னை

அவர்கள் சொல்வதுதான் சரி. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்துபோனார்கள். வெளியேறும் வழியிலேயே வண்டி நிற்கும்போது தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் இறங்குவார்கள்? பேட்டரியைக் கழற்றி, எல்லாரும் விழித்திருக்கும் நேரத்தில், சிமென்ட் தரையில், பக்கத்தில் திரைச்சீலையோ மெத்தையோ இல்லாத இடத்தில் வைத்துச் சார்ஜ் போடுங்கள். வெயிலில் ஓட்டி வந்த சூட்டோடு போடாதீர்கள், ஆறட்டும். வண்டியோடு வந்த சார்ஜர் கெட்டுப்போனால் அதே வோல்டேஜ், அதே நிறுவனம் பார்த்து வாங்குங்கள். சார்ஜர் முனை பொருந்துகிறதே என்று வேறெதையும் சொருக வேண்டாம். அப்புறம், வெள்ளத்தில் முங்கின பேட்டரி காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் சார்ஜில் போடவே கூடாது. காயலான் கடைக்கும் போடாதீர்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது, வாங்கிய ஷோரூமிலேயே கேளுங்கள்.