டிஸ்பிளேயைத் திறப்பதும் மூடுவதும்: எக்ஸ்லிப் கேள்வி பதில்

கே: எக்ஸ்ஓப்பன்டிஸ்பிளேயை அழைத்தால் உள்ளே என்ன நடக்கிறது?

ப: எக்ஸ்லிப் என்பது லினக்ஸ், யூனிக்ஸ் கணினிகளில் திரையை நிர்வகிக்கும் எக்ஸ் சர்வரோடு நிரல்கள் பேச உதவும் சி நூலகம்; அந்த சர்வரோடு இணைப்பைத் திறப்பது இந்த அழைப்பு. பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் ‘டிஸ்பிளே’ என்ற சூழல் மாறியைப் பார்க்கும். அதில் வெறும் :0 இருந்தால் அதே கணினியிலுள்ள யூனிக்ஸ் சாக்கெட். கோலனுக்கு முன்னால் வேறொரு கணினியின் பெயர் இருந்தால் டிசிபி; போர்ட் எண் 6000-உடன் டிஸ்பிளே எண்ணைக் கூட்டினால் வருவது. இணைந்ததும் உங்கள் நிரல் அனுப்பும் முதல் பைட் ஓர் ஆங்கில எழுத்து: பெரிய ‘பி’ (B) அல்லது சின்ன ‘எல்’ (l). எண்களின் பைட்டுகளை எந்த வரிசையில் எழுதுவேன் என்று சர்வருக்குச் சொல்வது அதுதான். பிறகு நெறிமுறைப் பதிப்பு 11, அப்புறம் குக்கி, அதாவது உள்ளே நுழைய அனுமதி தரும் ரகசியக் குறி. சர்வரின் பதிலில் முதல் பைட் 1 என்றால் உள்ளே வா, 0 என்றால் மறுப்பு. உள்ளே விட்டால் உங்களுக்கென ஓர் எண் வரம்பும் கிடைக்கும். நீங்கள் உருவாக்கும் ஜன்னல்களின் எண்கள் எல்லாம் அதற்குள்தான் அமையும். மறுத்தால் கையில் வருவது நல் (NULL) என்ற வெற்று மதிப்பு. அதைச் சோதிக்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

கே: கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சேவை) ஓடும் ஸ்கிரிப்ட் ‘டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை’ என்கிறது.

ப: கிரானுக்கு உங்கள் டெஸ்க்டாப்பின் சூழல் மாறிகள் தெரியாது. டிஸ்பிளே, குக்கி இருக்கும் கோப்பைக் காட்டும் எக்ஸ்அத்தாரிட்டி இரண்டையும் ஸ்கிரிப்டிலேயே கொடுங்கள்.

கே: சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற நிர்வாகிக் கணக்கில் ஓட்டினால் அதே பிழை.

ப: அதே பதில். குக்கி உங்கள் கணக்கில் இருக்கிறது, ரூட் அதை வேறிடத்தில் தேடுகிறது. அனுமதிச் சோதனையையே நீக்கும் ‘எக்ஸ்ஹோஸ்ட் +’ கட்டளையைப் போடச் சொல்லி யாராவது வந்தால் கேட்காதீர்கள். போட்ட பிறகு, சர்வரை எட்ட முடிகிற எவரும் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைப் படிக்கலாம்.

கே: நிரல் முடிந்தால் கர்னலே சாக்கெட்டை மூடிவிடுமே? இணைப்பை மூடும் எக்ஸ்குளோஸ்டிஸ்பிளே வெறும் சடங்குதானே?

ப: பாதி சரி. நீங்கள் வேறு விதமாகச் சொல்லி வைக்காவிட்டால், இணைப்பு எப்படி அறுந்தாலும் சர்வர் உங்கள் ஜன்னல்களை அழித்துவிடும். ஆனால் எக்ஸ்லிப் கோரிக்கைகளை உடனுக்குடன் அனுப்பாது, இடையகத்தில் சேர்த்து வைக்கும். மூன்றே வரியில் எழுதிப் பாருங்கள்: டிஸ்பிளேயைத் திற, எக்ஸ்வார்ப்பாயின்டரால் சுட்டியை நகர்த்து, ரிட்டர்ன் 0. சுட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். கோரிக்கை நிரலோடு சேர்ந்து செத்துப்போனது.

கே (அவரே): அதற்கு, இடையகத்தில் உள்ளதை அனுப்பிவிடும் எக்ஸ்ஃபிளஷ் போதுமே.

ப: அனுப்பப் போதும். பிழை திரும்பி வந்தால் வாங்க ஆள் வேண்டாமா? குளோஸ் கடைசியாக ஓர் எக்ஸ்சிங்க் செய்து சர்வரின் பதிலுக்குக் காத்திருக்கும். என் சின்னக் கருவி ஒன்று ஜன்னல் எண்ணைத் தப்பாகக் கொடுத்துவிட்டு நாள்கணக்கில் ‘வெற்றி’ என்று வெளியேறிக்கொண்டிருந்தது. குளோஸ் சேர்த்த அன்றே, அப்படி ஒரு ஜன்னல் இல்லை என்னும் பேட்விண்டோ பிழை வந்து நின்றது.

கே (அவரே): அப்படியானால் எக்ஸ்சிங்க் செய்துவிட்டு வெளியேறுகிறேன்.

ப: தாராளமாக. ஒரு வரியை மிச்சம் பிடிக்கக் கிளம்பி அதே ஒரு வரியில் வந்து நிற்கிறீர்கள். நெடுநேரம் ஓடும் நிரலுக்குள் திறந்து திறந்து விட்டால் மட்டும் இந்தத் தந்திரம் உதவாது. சர்வரின் வாடிக்கையாளர் வரம்பு நிரம்பி, அடுத்தவர் நிரல்கூடத் திறக்காது.

கே: ஃபோர்க் செய்து, அதாவது நிரலைப் பிரதியெடுத்து உருவாக்கிய பிள்ளை நிரலில் குளோஸ் அழைத்தேன், தாய் நிரல் குழம்புகிறது.

ப: இருவர் கையிலும் இருப்பது ஒரே சாக்கெட். பிள்ளை அழைக்கும் குளோஸ், தாயின் இயல்பு ஜிசியை (வரைவதற்கான நிறம், கோடு போன்ற அமைப்புகளின் தொகுப்பு) விடுவிக்கும் கோரிக்கையை அந்தக் கம்பியிலேயே அனுப்பிவிடும். பிள்ளையில் அந்தச் சாக்கெட்டின் கோப்பு எண்ணை மட்டும் மூடுங்கள், எக்ஸ்லிப்பைத் தொடாதீர்கள்.

கே: காப்பி செய்த உரை, நிரலை மூடியதும் காணாமல் போகிறது.

ப: உரை சர்வரில் இல்லை, உங்கள் நிரலில் இருந்தது. கிளிப்போர்டு மேலாளர் ஒன்றை ஓட விடுங்கள்.

கே: எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டில் எப்படி?

ப: வேறு நூலகம், வேறு சூழல் மாறி. அதில் பழகியவரைக் கேளுங்கள்.

கே: எஸ்எஸ்ஹெச் வழியாக வேறொரு கணினிக்குள் போனால் டிஸ்பிளேயைத் திறக்க முடியவில்லை...

ப: மூன்றாவது முறை. -எக்ஸ் போட்டு நுழைந்தால் லோக்கல்ஹோஸ்ட்:10.0 போல ஒன்று தானாக அமையும். அந்தக் கணினியில் ஷெல் தொடங்கும்போது படிக்கும் உங்கள் .பாஷ்ஆர்சி கோப்பில் டிஸ்பிளேயை :0 ஆக்கும் வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடுத்துவிடுங்கள்.