பசங்களோட நாலு நாள் டெல்டா: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கும்பகோணத்துல இருபது வருஷமா சுற்றுலா வேன் ஓட்டுறேன். புனித வெள்ளி, தமிழ் வருஷப் பிறப்புன்னு பங்குனி கடைசி சித்திரை முதல்ல மூணு நாலு நாள் சேந்தாப்ல லீவு வந்தா, பசங்கள கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வர்றவங்க நிறைய. கேளுங்க. ரூம் வாடகை மட்டும் கேக்காதீங்க, அது என் வேலை இல்ல.

மடிப்பாக்கம் அப்பா: ரெண்டு பசங்க, 7 வயசு, 4 வயசு. மூணு நாள்ல நவக்கிரகம் ஒன்பது, தஞ்சை பெரிய கோயில், வேளாங்கண்ணி, பிச்சாவரம் முடிச்சுடலாமா?

முடிச்சுடலாம் சார், பசங்களதான் முடிச்சுடுவீங்க. திங்களூர் திருவையாறு பக்கம், திருநள்ளாறு காரைக்கால்ல, கீழப்பெரும்பள்ளம் பூம்புகார்கிட்ட. காலைல ஆறுக்கு ஏறுனா ராத்திரிதான் எறங்கணும், இதுல நாலு வயசுப் புள்ள பாக்குறது ஒன்பது கோயில் இல்ல, ஒன்பது செருப்பு ஸ்டாண்டு. நேர்த்திக்கடன்னா பெரியவங்க மட்டும் தனியா ஒரு நாள் வாங்க.

பசங்களோட வந்தா காலைல ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம், நடுவுல தூக்கம். அவ்வளவுதான். முதல் நாள் தாராசுரம் போங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. ரெண்டாம் ராஜராஜன் கட்டுனது, 12ஆம் நூற்றாண்டு, பெரிய கோயில் மாதிரி அண்ணாந்து பாக்க வேண்டியது இல்ல, எல்லாமே புள்ளைங்க கண்ணு உயரத்துல இருக்கும். மண்டபத்தையே தேரு மாதிரி பண்ணி கல்லுல சக்கரம் வச்சு குதிரை பூட்டியிருக்கான். காளையும் யானையும் ஒரே தலைய பங்கு போட்டுக்கிட்டு நிக்கிற சிற்பம் ஒண்ணு இருக்கு, அத புள்ளையவே தேடச் சொல்லுங்க. உள்ளங்கையால யானை உடம்ப மறைச்சா காளை தெரியும், காளை உடம்ப மறைச்சா யானை. என் வேன்ல வந்த ஒரு பொடியன் அரை மணி நேரம் மறைச்சு மறைச்சு பாத்துட்டு அங்கேருந்து வரவே மாட்டேன்னுட்டான். தட்டுனா சுரம் கேக்குமே அந்தப் படி, அத இப்ப கம்பி போட்டு அடைச்சிருக்கு, தட்டிப் பாக்கலாம்னு ஆசை காட்டி கூட்டிட்டு வராதீங்க.

எல்லாருக்கும் சேத்து ஒண்ணு: பழைய சாக்ஸ் ஆளுக்கு ஒரு ஜோடி. பத்து பத்தரைக்கு மேல கருங்கல் தளம் தோசைக்கல்லு. புள்ள அழுவுறது சாமிய பாத்து பயந்து இல்ல, காலு சுடுது.

கோவை அம்மா: காவிரில பசங்க குளிக்க பாதுகாப்பான இடம் எது அண்ணா?

அக்கா, தண்ணியே இருக்காது. மேட்டூர வழக்கமா ஜூன் 12 தொறந்து ஜனவரி 28 மூடிடுவாங்க. பங்குனில காவிரி வெறும் மணலு, சாயங்காலம் பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க, நீங்களும் ஆடலாம். அங்கங்க குட்டை மாதிரி தேங்கி நிக்கும், அதுல எறக்காதீங்க. மணல் அள்ளுன பள்ளமா இருந்தா முழங்கால்னு நினைச்சு வச்ச காலு ஆளு ஆழத்துக்குப் போயிடும்.

பெங்களூரு தம்பி: பச்சைப் பசேல்னு வயல் படம் எடுக்க எங்க போகணும்?

கார்த்திகை மார்கழிக்கு போகணும். இப்ப சம்பா அறுத்து, ஊடால வெதச்ச உளுந்து பயறும் அறுப்புல நிக்குது.

சேலம் அப்பா: கல்லணைல குளிக்கலாமா?

மேல படிங்க சார்.

ஓசூர் அம்மா: பெரிய கோயில் நிழல் தரையில விழாதுன்னு பையனுக்கு பாடத்துல சொன்னாங்களாம், எத்தன மணிக்கு போனா பாக்கலாம்?

வாங்க, இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். விழும் அக்கா. 216 அடி உயரம், நிழல் விழாம எங்க போகும்? காலைல ஏழரைக்கு விமானத்துக்கு மேக்குப் பக்கம் போங்க, நீட்டா படுத்துக் கிடக்கும். சாயங்காலம் அஞ்சுக்கு கிழக்க விழும்.

திருச்சி அண்ணன்: எங்க தாத்தா காலத்துலேருந்து சொல்றது. கைடு கூட சொன்னாரு. நீங்க எல்லாரும் தப்பு சொல்றாங்கங்குறீங்களா?

தாத்தாவ நான் ஒண்ணும் சொல்லல அண்ணே. எம்பொண்ணு மூணாவது படிக்கிறப்ப கூட்டிட்டுப் போனேன், நிழலோட நுனியில ஒரு கூழாங்கல்ல வச்சா, செத்த நேரம் கழிச்சு இன்னொண்ணு, இப்படி ஏழு கல்லு வரிசையா வச்சுட்டு "அப்பா நிழல் நடக்குது"ன்னா. விழாத நிழல் எப்படிண்ணே நடக்கும்?

திருச்சி அண்ணன்: நான் மதியம் பன்னண்டு மணிய சொல்றேன். அப்ப விழாது. அதுதான் ராஜராஜன் ரகசியம்.

பாதி சரி. விமானம் கீழ அகலம், மேல போகப் போக குறுகுது. சூரியன் உச்சிக்குக் கிட்ட இருந்தா மேல் நிலையோட நிழல் கீழ் நிலை மேலயே விழுந்துடும், தரைக்கு வராது. ஆனா மார்கழில வாங்க, சூரியன் தெக்க சாஞ்சு போகும், பன்னண்டு மணிக்கே வடக்குப் பக்கம் தரையில விழும். 1010ல இவ்வளவு கல்ல மேல ஏத்தி நிறுத்துனானே, அந்தப் பெருமை போதாதா, இல்லாத ரகசியம் எதுக்கு?

ஓசூர் அம்மா: அப்ப பையன்கிட்ட டீச்சர் சொன்னது பொய்னு சொல்லவா?

சொல்ல வேணாம் அக்கா, அவனையே கூழாங்கல் வைக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, ஏப்ரல் 18 வாக்குல தஞ்சாவூர்ல இருந்தீங்கன்னா மதியம் 12.13க்கு மொட்டை மாடில நேரா ஒரு டம்ளர கவுத்து வைங்க. சூரியன் நேரா உச்சந்தலைக்கு வரும், டம்ளருக்கும் நிழல் இருக்காது, பையனுக்கும் காலடியிலதான். ஆகஸ்ட் கடைசிலயும் ஒரு தடவ இப்படி வரும்.

திருச்சி அண்ணன்: டம்ளரும் பெரிய கோயிலும் ஒண்ணா?

சூரியனுக்கு ஒண்ணுதாண்ணே.

மதுரை அக்கா: கோடியக்கரைல பூநாரை பாக்க பொண்ணு ஆசைப்படுறா.

மார்கழி, தை வேணும் அக்கா, இப்ப பெரும்பாலும் கெளம்பிடும். ஆனா கோடியக்கரைய விடாதீங்க. சாயங்காலம் வெளிமான் கூட்டமா மேயும், கொம்பு முறுக்கிக்கிட்டு நிக்கும் கெடா. போற வழில வேதாரண்யத்துக்கிட்ட அகஸ்தியன்பள்ளில நிப்பாட்டுங்க. உப்பளத்துக்கு இதுதான் சீசன். பாத்தில தண்ணி காஞ்சு ஓரத்துல வெள்ளையா ஏடு கட்டும், பலகை வச்சு இழுத்து வரப்புல குவிப்பாங்க. வேலை செய்யுறவங்கள கேட்டுட்டு பொண்ண ஒரு கல்லு எடுத்து நாக்குல வைக்கச் சொல்லுங்க, கடையில வாங்குற தூளு மாதிரி இருக்காது, மூஞ்சிய சுளிப்பா. 1930 ஏப்ரல் 13ல திருச்சிலேருந்து நடக்க ஆரம்பிச்ச ராஜாஜி, 30ஆம் தேதி உப்பு அள்ளுனது இந்த ஊர்லதான், ஸ்தூபி இருக்கு. அவரு நடந்ததும் இதே வெயில்தான்னு சொன்னா வேன்ல ஏசி பத்தலைன்னு கத்துற சத்தம் கொஞ்சம் கொறையும். தண்ணி பாட்டிலும் தொப்பியும் மறக்காதீங்க, அங்க ஒதுங்க மரம் கிடையாது.

நாமக்கல் தம்பி: எட்டு மாசக் கொழந்த, வெளிச் சாப்பாடு என்ன குடுக்கலாம்?

டாக்டர்கிட்ட கேளுங்க தம்பி.

ஈரோடு அப்பா: பசங்களுக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. அடில களிமண்ணு கனமா இருக்கும், அடி உருண்டையா இருக்கும், எப்படி சாச்சாலும் எந்திரிச்சுடும். ஏன் எந்திரிக்குதுன்னு கேட்டா நீங்க பதில் தயாரா வச்சிருக்கணும். திங்கிறதுக்கு திருவையாறு அசோகா, பாசிப்பருப்புல பண்றது.

சென்னை அம்மா: கொள்ளிடம் பாலத்துக்குக் கீழ தண்ணி தெரியுது, பசங்க கொஞ்ச நேரம்...

வேணாம். மூணாவது தடவ சொல்றேன், வேணாம்மா. அங்க கெடக்குறது பள்ளத்துல தேங்குன தண்ணி. ஹோட்டல் பாத்ரூம்ல ரெண்டு பக்கெட் புடிச்சு வச்சு வேணும்னா ஒரு மணி நேரம் ஆட விடுங்க.

மடிப்பாக்கம் அப்பா: நவக்கிரகத்துல திங்களூர் மட்டும்னு வீட்டுல பேசி முடிச்சுட்டேன். கும்பகோணத்துல ரூம் என்ன வாடகை வரும்?

சார்...