கோர்ட் படி ஏறலாம் தம்பி

டெக்சாஸில் இருக்கும் வாக்ஸஹாச்சிக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது, ஊர் நடுவில் சிவப்பாக அரண்மனை மாதிரி நிற்கிறதே, கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட்ஹவுஸாமே, சும்மா உள்ளே போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போகலாம் தம்பி. கோர்ட் படி ஏறாத குடும்பம் என்று பெருமை பேசி வளர்ந்தவர்கள்தானே நாம், எனக்கும் முதல் வருஷம் அந்தத் தயக்கம் இருந்தது. போதாக்குறைக்கு அங்கே 'கமிஷனர்ஸ் கோர்ட்' கூடுகிறது என்றதும் போலீஸ் கமிஷனர் என்றே நினைத்துவிட்டேன்! அது வழக்கு மன்றமே இல்லை. கவுன்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் உட்கார்ந்து ரோடு, வரி, பட்ஜெட் பேசுவார்கள். ஐந்து பேரும் ஓட்டு வாங்கி வந்தவர்கள். டெக்சாஸின் 254 கவுன்டியிலும் இதே ஏற்பாடுதான்.

கட்டிடம் பருத்திப் பணத்தில் எழுந்தது. 1895-ல் தொடங்கி 1897-ல் முடித்தார்கள். வடிவமைத்தவர் ஜேம்ஸ் ரைலி கார்டன். வெளியே இளஞ்சிவப்பு கிரானைட்டையும் சிவப்பு மணற்கல்லையும் பார்த்து மயங்குவீர்கள். எனக்குப் பிடித்தது அவர் வெயிலைச் சமாளித்த விதம். மின்விசிறிகூட அபூர்வமான காலம். கட்டிடத்தைச் சிலுவை வடிவில் போட்டு, கைகள் சேரும் மூலைகளில் வாசல்களை வைத்தார், அந்த முகப்புகளில் நிழல் தங்கும். நடுவில் படிக்கட்டுக்கு மேலே கோபுரம்வரை திறந்த வெளி. சூடான காற்று அதன் வழியே புகைபோக்கியில் போவதுபோல மேலேற, ஜன்னல்கள் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். நம் முற்றத்து வீட்டுக் கணக்குதான். வைஸ் கவுன்டியின் டீகேட்டரில் இதன் உடன்பிறப்பு மாதிரி ஒன்றையும் அவரே கட்டியிருக்கிறார்.

வாசல் தூண்களின் தலைப்பில் செதுக்கிய முகங்களைப் பாருங்கள். சில அழகு, சில படுகோரம். கல் செதுக்க வந்தவன் உள்ளூர்ப் பெண் ஒருத்தியை விரும்பினானாம், அவள் மறுக்க மறுக்க முகம் கோரமாகிக்கொண்டே போனதாம். ஊரே சொல்லும், வரலாறு தெரிந்தவர்கள் நம்புவதில்லை. என் அம்மா வந்திருந்தபோது இந்தக் கதையைக் காதிலேயே வாங்கவில்லை. "திருஷ்டி பொம்மைடா, இவ்வளவு அழகாக் கட்டினா வைக்க மாட்டானா?" என்றார்.

வார நாளில், அலுவலக நேரத்தில் போங்கள். கார் பதிவையும் அப்படியே முடித்துவிடலாம் என்று காகிதங்களைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அது கவுன்டி வரி அலுவலக வேலை, முகவரி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.