எத்தனை மீன், எந்த ஓடையில், எந்த நாளில்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேலை நிமித்தமாக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குக் குடிவந்து, ட்ரவுட் மீன் பிடிக்க லைசென்ஸும் வாங்கிவிட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து மீன் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். மூன்றுதான் என்கிறார் தூண்டில் கடைக்காரர். ஓடைக்கரையில் உள்ள பலகையோ, பிடித்ததை உடனே விட்டுவிட வேண்டும் என்கிறது. எதை நம்புவது?
- வாசகர், ஹாரிஸ்பர்க்

பதில்: மூன்றும் உண்மைதான். வரம்பு என்பது மீனைப் பொறுத்தது மட்டுமன்று. நீங்கள் நிற்கும் ஓடையையும் அன்றைய தேதியையும் பொறுத்தது. ஏப்ரல் மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை 8 மணிக்குத் தொடங்கி, செப்டம்பர் மாதத்தின் முதல் திங்கட்கிழமையான தொழிலாளர் தினம் வரை நீளும் முதன்மைப் பருவத்தில், பொது விதியின் கீழ் வரும் நீர்நிலைகளில் நாளொன்றுக்கு 5 மீன் எடுக்கலாம். ஒவ்வொன்றும் குறைந்தது 7 அங்குல நீளம் இருக்க வேண்டும். புரூக், பிரவுன், ரெயின்போ ஆகிய வகைகளுக்குத் தனித்தனியாக ஐந்து என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது தவறு, எல்லா வகையும் சேர்த்துத்தான் ஐந்து. தொழிலாளர் தினத்துக்கு மறுநாள் முதல் பிப்ரவரி மூன்றாம் திங்கட்கிழமை வரையிலான நீட்டிப்புப் பருவத்தில், பண்ணை மீன்கள் கொண்டுவந்து விடப்படும் நீர்நிலைகளில் வரம்பு 3 ஆகக் குறைகிறது. கடைக்காரர் சொன்னது அதுவாக இருக்கும்.

நீங்கள் கண்ட பலகை, செயற்கை இரையை மட்டும் அனுமதிக்கும் சிறப்பு விதிப் பகுதி ஒன்றினுடையதாக இருக்கலாம். இத்தகைய பகுதிகளில் ஒரு வகையில், ஜூன் 15 முதல் தொழிலாளர் தினம் வரை மட்டும் 9 அங்குலத்துக்குக் குறையாத 3 மீன்களை எடுக்கலாம். மற்ற நாட்களில் பிடித்ததைத் திருப்பி விட வேண்டும். ஆண்டு முழுவதும் எதையுமே எடுக்கக் கூடாத பகுதிகளும் இருக்கின்றன.

இந்த வேறுபாடுகளுக்கு அழுத்தமான காரணம் உண்டு. அம்மாநில மீன் மற்றும் படகு ஆணையம் ஆண்டுதோறும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வளர்ந்த ட்ரவுட்களைப் பண்ணைகளிலிருந்து கொண்டுவந்து நீர்நிலைகளில் விடுகிறது. இவற்றுள் பல ஓடைகள் கோடையில் ட்ரவுட்டுக்குத் தாங்காத அளவு சூடாகிவிடுவதால், அங்கே விடப்பட்ட மீன்களைப் பிடித்துச் சாப்பிடுவதில் இழப்பு அதிகமில்லை. ஆனால் மலை உச்சியிலிருந்து இறங்கும் குளிர்ந்த சிற்றோடைகளில் தானாகவே பிறந்து வளரும் புரூக் ட்ரவுட்டின் நிலை வேறு. அம்மாநிலத்தின் அதிகாரபூர்வ மீனான அது, இலையுதிர்காலத்தில் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடுகிறது. அத்தகைய ஓடையில் 7 அங்குலத்தை எட்டிய மீன், அங்குள்ள பெரிய மீன்களில் ஒன்றாகவும் முட்டையிடும் தாயாகவும் இருக்கக்கூடும். முதன்மைப் பருவத்தில் சட்டம் அனுமதித்தாலும், அதை விட்டுவிடுங்கள் என்றே நான் கேட்டுக்கொள்வேன்.

இன்னொன்று: 16 வயது நிறைந்தவர்களுக்கு மீன்பிடி லைசென்ஸ் மட்டும் போதாது, ட்ரவுட் பெர்மிட்டும் தனியே வாங்க வேண்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், ஆணையம் வெளியிடும் அந்த ஆண்டின் விதித் தொகுப்பில் உங்கள் ஓடையின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத் தூண்டில் போடுங்கள்.

கேள்வி: ஐந்து மீன்களைக் கயிற்றில் கோத்துத் தண்ணீரில் உயிருடன் தொங்கவிட்டிருக்கிறேன். ஆறாவதாகப் பெரிய மீன் சிக்கினால், கயிற்றிலுள்ள சிறியதை விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளலாமா?
- வாசகர், பிட்ஸ்பர்க்

பதில்: கூடாது. உடனடியாகத் தண்ணீரில் விடப்படாமல் கயிற்றிலோ வாளியிலோ வைக்கப்பட்ட மீன் உங்கள் கணக்கில் ஏறிவிடுகிறது. கயிறு செவுள் வழியாகச் சென்ற மீனை மணிக்கணக்கில் கட்டிவைத்துப் பிறகு அவிழ்த்துவிட்டால், அது நீந்திச் செல்வதைப் பார்ப்பீர்களே தவிர, பிழைத்ததா என்று பார்க்கமாட்டீர்கள். ஆகவே எந்த மீனை எடுப்பது என்ற முடிவை அது கைவலையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். வாயை மூடிய நிலையில் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்து பாருங்கள். கால் அங்குலம் குறைந்தாலும் அது விட வேண்டிய மீன்தான்.

கேள்வி: பத்து வயது மகளையும் அழைத்துச் செல்கிறேன். அவளுக்கும் லைசென்ஸ் வேண்டுமா?
- வாசகி, பிலடெல்பியா

பதில்: 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை; ஆனால் எண்ணிக்கை, நீளம் பற்றிய விதிகள் அவர்களுக்கும் பொருந்தும். முதன்மைப் பருவத்தின் தொடக்க நாளுக்கு முந்தைய சனிக்கிழமையன்று சிறுவர்களுக்கென ஒரு நாள் ஒதுக்கப்படுகிறது. அன்று மகள் 2 ட்ரவுட் எடுக்கலாம். அதற்கென ஓர் அனுமதிச் சீட்டு முன்கூட்டியே பெற வேண்டும். உடன் வரும் பெரியவர் தமக்கென ஒரு மீனும் எடுக்கக் கூடாது.

கேள்வி: திருப்பி விட்ட மீனும் செத்துவிடும் என்கிறார்களே, பிறகு வரம்பு எதற்கு?
- வாசகர், ஆலன்டவுன்

பதில்: எல்லா மீனும் சாவதில்லை, மீன் பிழைப்பது பெரும்பாலும் பிடித்தவர் கையில்தான் இருக்கிறது. உலர்ந்த கையால் பற்றினால் மீனின் உடலைக் காக்கும் வழவழப்பான படலம் உரிந்து நோய் தொற்றுகிறது; கையை நனைத்துக்கொண்டு, முடிந்தவரை மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துத் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். முள் தொண்டைக்குள் ஆழமாகச் சென்றிருந்தால் பிடுங்காமல் தூண்டில் நரம்பை வெட்டிவிடுவது மேல். மண்புழு போன்ற இரையை மீன் விழுங்கிவிடுவதால், செயற்கை இரையைவிட அதில் சேதம் அதிகம். சிறப்பு விதிப் பகுதிகள் பலவற்றில் உயிர் இரை தடுக்கப்பட்டிருப்பது இதனால்தான். தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் குறையும். எனவே தண்ணீரின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸை எட்டும் கோடைப் பிற்பகல்களில், பிடித்து விடும் எண்ணத்துடன்கூட ட்ரவுட் ஓடைக்குப் போகாதீர்கள். ஒரு சிறு வெப்பமானியைப் பையில் வைத்திருந்து, ஓடையில் இறங்கியதும் முதலில் அதைத் தண்ணீரில் நனைத்துப் பாருங்கள்.